ராணிக் கலர் மானுக்கு எந்தக் குண்டு?

"அத்தான், கார்ட்ரிட்ஜ் எது வாங்குனா நல்லது?" என்று அமெரிக்காவிலிருந்து என் தம்பி கேட்டபோது, என் கணவர் யோசிக்கவே இல்லை.

"ஒரிஜினல் வாங்காத மாப்ள. கொள்ளை வெலை. ரீஃபில் பண்ணிக்கோ. கறுப்பு மட்டும் நல்லதாப் பாத்துப் போடு" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. திருத்தங்கலில் எங்களுக்கு ஒரு சின்ன அச்சகம். கீழே மெஷின், மேலே வீடு, பின்னால் ஒரு காலி முற்றம். காலண்டரும் பட்டாசுப் பெட்டி லேபிளும் அடித்துப் பிழைக்கிறோம். கார்ட்ரிட்ஜ் என்றால் எங்களுக்கு மை டப்பாதான். அதற்கு இன்னொரு பொருள் இருப்பது வீட்டில் எவருக்கும் தோன்றவில்லை.

"பிரிண்டருக்கு இல்ல அத்தான். துப்பாக்கிக்கு" என்றான் தம்பி.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. அவனுக்கு அங்கே சனிக்கிழமை ராத்திரி. செல்போனைச் சட்னிக் கிண்ணத்தில் சாய்த்து வைத்து எல்லாரும் இட்லி தின்றுகொண்டிருந்தோம். ஞாயிறுதோறும் விருதுநகரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுகிற என் அம்மா, அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள்.

"ஏலே, யாரைச் சுடப் போற?"

"மானும்மா. எல்க்னு பேரு. பெரிய மான்."

"மான் உன்னைய என்னடா பண்ணுச்சு?"

மான் ஒன்றும் பண்ணவில்லை. பண்ணியதெல்லாம் இவன் வாய்தான். கொலராடோ மலைப்பக்கம் ஒரு கம்பெனியில் அவன் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டில், உன் ஊர் எது என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். சிவகாசிப் பக்கம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். "நாட்டுக்கே வெடி செஞ்சு குடுக்கிற ஊரு. எங்க ஆளுகளுக்கு வெடிமருந்து ரத்தத்துல ஓடுது" என்று நீட்டிவிட்டான். அவனுடைய மேனேஜர் வருஷம் தவறாமல் ஐப்பசி வாக்கில் எல்க் வேட்டைக்குப் போகிறவர். இந்த வருஷம் நீயும் வா என்று கூப்பிட்டுவிட்டார். அதோடு, எந்தத் தோட்டா, எத்தனை எடைக் குண்டு என்று உன் ஊர்க்காரர்களிடம் கேட்டுச் சொல்லு, நாங்கள் எல்லாரும் காத்திருக்கிறோம் என்றும் சொல்லிவிட்டார். வேட்டைக்கான பாதுகாப்பு வகுப்புக்குக்கூட இவன் போய்த் தேறிவிட்டான்.

தீபாவளிக்கு எல்லாப் பிள்ளைகளும் தெருவில் நிற்க, என் தம்பி மட்டும் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனுடைய பங்குப் பட்டாசை எல்லாம் நான்தான் வெடித்தேன். இதை அந்த மேனேஜரிடம் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது.

ஆனால் பேச்சு என் கையை விட்டுப் போய்விட்டது. என் மாமனார் கைகழுவிவிட்டு வந்து போனுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு ஆலையில் காலமெல்லாம் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசியே பழகிய குரல் அவருக்கு. அவர் ரகசியம் சொன்னால்கூட பஸ் ஸ்டாண்டுக்குக் கேட்கும்.

"மாப்ள, சரியான ஆளுட்டதேன் வந்திருக்கீக. கேளுங்க."

அவர் வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டதில்லை. அது அவருக்கு ஒரு தடையாகவே தெரியவில்லை.

தம்பி மூன்று தோட்டாக்களின் பெயரைச் சொன்னான். சின்னது ஆறரை. நடுவில் முந்நூற்றெட்டு. பெரியது முந்நூறு மேக்னம்.

"இருங்க" என்றார் மாமா. "முன்னூத்தியெட்டு நடுவுலயா? முன்னூறு பெருசா?"

"ஆமா மாமா."

"எட்டு கூட இருக்கிறது எப்பிடிச் சின்னதாகும்? அமெரிக்காவுல கணக்கே வேறயோ?"

"அது குண்டோட குறுக்களவு மாமா. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே குண்டுதான். பின்னாடி இருக்கிற மருந்துதான் வித்தியாசம். மேக்னத்துல மருந்து ரொம்பக் கூட."

மருந்து கூட என்ற சொல் காதில் விழுந்ததுமே மாமா முடிவுக்கு வந்துவிட்டார். முகம் தெளிந்துவிட்டது. "பெறகென்ன? மேக்னந்தேன். போனை வைங்க."

தம்பி வைக்கவில்லை. குண்டு எடை இன்னும் பாக்கி என்றான். நூற்றைம்பது கிரெயின் இருக்கிறது, நூற்று அறுபத்தைந்து இருக்கிறது, நூற்றெண்பது, இருநூறும் இருக்கிறது.

"இருநூறு கிராமா!" என்று மாமாவே அரண்டுபோனார். "அதைத் தள்ளணும்னா பீரங்கிதேன் வேணும்."

கிராம் இல்லை, கிரெயின், பதினைந்தரை கிரெயின் சேர்ந்தால்தான் ஒரு கிராம் என்று தம்பி விளக்கினான். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதே அம்மா சொல்லிவிட்டாள்: "அப்ப நூத்தியெம்பதுங்கிறது ஒன்றரைப் பவுனுக்கு ஒரு பொட்டுக் கொறச்சல்."

நகை விஷயத்தில் அம்மாவின் மூளை ஓடுகிற வேகம் வேறு எதிலும் ஓடாது. "ஒரு மானுக்கு ஒன்றரைப் பவுனாடா? எனக்கே காதுல கெடக்கிறது அரைப் பவுனுதேன்."

"ஈயமும் செம்பும்மா. தங்கம் இல்ல."

"எதுவோ. நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. சுட மாட்டேன்னா சுடாத. சுடுறதா இருந்தா ஒரே அடியில விழணும். பாதி உசுரோட காட்டுக்குள்ள ஓடவிட்டா அந்தப் பாவம் நம்ம வீட்டு வாசல்ல வந்து நிக்கும்."

அந்தக் காலையில் பேசப்பட்டதில் விவரமான பேச்சு அது ஒன்றுதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குண்டுகளைப் பவுனில்தான் பேசினோம். ஒன்றேகால் பவுன், ஒன்றரைப் பவுன் என்று நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்ட மெஷின்மேன், வீட்டில் ஏதோ விசேஷம் என்று நினைத்து என்னைத் தனியாக விசாரித்தார்.

அந்த வாரம் நான் ப்ரூஃப் பார்க்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அமெரிக்க வேட்டைக்காரர்கள் இணையத்தில் போடும் சண்டைகளைப் படித்தேன். அப்பப்பா! நம் ஊர் டீக்கடையில் எந்தக் கம்பெனிக் கம்பி மத்தாப்பு பூ அதிகம் கொட்டும் என்று நடக்கிற சண்டையெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எல்க்குக்கு மேக்னத்துக்குக் குறைந்து எதை எடுத்தாலும் அவன் மனுஷனே இல்லை என்று ஒருவர். என் பெண்டாட்டி ஆறரையிலேயே வருஷம் தோறும் அடிக்கிறாள், நீ வந்து பார் என்று இன்னொருவர். அந்தப் பெண்டாட்டியை நான் கும்பிட்டேன். இத்தனை கூச்சலிலும் ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனார்கள். குண்டு முன்னங்காலுக்குப் பின்னால் நுரையீரலில் போய் நிற்க வேண்டும். அதற்கு, சுடுகிறவன், துப்பாக்கி தோளில் உதைக்கிற உதைக்குப் பயந்து கண்ணை மூடாமல் இருக்க வேண்டும். பஞ்சு அடைத்த காதோடு பீரோவுக்குப் பின்னால் இருந்த என் தம்பி கண்முன் வந்தான்.

இதை வீட்டில் சொன்னேன். "படிச்சுட்டுப் பேசாத. டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்" என்றார் மாமா. மானின் அளவு தெரியாமல் டெஸ்ட் எப்படி என்று என் கணவர் கேட்டார். அவருக்குக் கை அரித்திருக்க வேண்டும். ஆடிப் பதினெட்டு முடிந்து காலண்டர் ஆர்டர் வந்து குவிகிற நேரத்தில், வந்த வேலையையெல்லாம் போட்டுவிட்டு, ப்ரூஃப் எடுக்கிற பெரிய பிரிண்டரில் ஒரு எல்க்கை உயிர் அளவுக்கு அடித்தார். துண்டு துண்டாக வந்த தாள்களைப் பசை போட்டு ஒட்டினார். தொடக்கத்திலேயே நீல மையும் மஞ்சள் மையும் தீர்ந்துபோனதால் எங்கள் எல்க் சுத்தமான ராணிக் கலரில் இருந்தது. முகூர்த்தப் பட்டு மாதிரி மினுங்கியது.

முற்றத்துச் சுவரில் ஒட்டிய பிறகுதான் அது எம்புட்டுப் பெரிய ஜீவன் என்று எங்களுக்குப் புரிந்தது. முதுகே என் தலை உயரத்துக்கு இருந்தது. கொம்புக்குச் சுவர் பத்தவில்லை. மிச்சக் கொம்பை மடித்து அந்தப் பக்கம் தொங்கவிட்டார் என் கணவர். மறுநாள் காலை, பல் துலக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் சுவரேறிக் குதிக்கிற இரண்டு ராணிக் கலர் கொம்பைப் பார்த்துவிட்டு, வாயில் நுரையோடு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"என்னத்தை வளக்கீக?"

அந்த ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். மாமா களிமண்ணைப் பிசைந்து உருண்டை பிடித்தார். மை கலக்கும்போது எடை பார்க்கிற எங்கள் சின்னத் தராசில் வைத்து, ஒன்றேகால் பவுனில் கொஞ்சம், ஒன்றரைப் பவுனில் கொஞ்சம், அதற்கு மேலேயும் கொஞ்சம் என்று காய வைத்தார். ஓர் உண்டிவில்லைத் தேடிப் பிடித்தார். எல்க்கின் நெஞ்சில் என் கணவர் ஒரு வட்டம் வரைந்தார்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் முற்றத்தில் ஒன்றேகால் பவுன் பறந்தது. முதல் உருண்டையைக் காற்று அள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுத் தண்ணீர் டிரம்மில் போட்டது. அடுத்தது கொடியில் காய்ந்த என் நைட்டியில் விழுந்தது. கனமான உருண்டைகளைக் காற்று அவ்வளவாக அசைக்கவில்லை. ஆனால் அவை போய்ச் சேரவும் இல்லை. பாதி வழியில் சோர்ந்து தரையில் இறங்கின. மாமா கால் மாற்றி நின்று பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், என் கணவரை விரலால் காற்று பார்க்கச் சொன்னார். எல்க்கின் பின்னங்கால், வால், தொங்குகிற கொம்பு எல்லாம் அடிபட்டன. நெஞ்சில் வரைந்த வட்டம் மட்டும் புதுக் காகிதமாகவே இருந்தது.

"கண்டுபிடிச்சுட்டேன்" என்று மாமா கத்தினார். "கனமான குண்டுதேன் நேராப் போகும். ஆனா தள்ளுறதுக்குத் தெம்பு வேணும். மருந்தைக் கூட்டணும்! மேக்னந்தேன்! மருந்தைக் கூட்டி ஒரே குண்டுல சாச்சிரணும்!"

தெரு முழுக்கக் கேட்டது. எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டு முற்றத்தில் நின்று மருந்து, குண்டு, சாச்சிரணும் என்று கத்தினால், கேட்டவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். இருக்கவும் கூடாது. லைசென்ஸ் இல்லாமல் வீட்டுக்குள் வைத்து வெடி உருட்டுகிறவர்களால் எத்தனை வீடுகளில் இழவு விழுந்திருக்கிறது என்று எங்களுக்கே தெரியும். யார் சொன்னார்களோ, சாயங்காலம் ஓர் ஏட்டு பைக்கில் வந்து இறங்கினார்.

"இங்கன மருந்து வச்சிருக்கீகன்னு தகவல்" என்றார்.

"இங்கன இல்ல ஏட்டையா" என்றார் மாமா நிதானமாக. "மருந்து அமெரிக்காவுல இருக்கு."

"ஏற்றுமதியா?"

நான் குறுக்கே புகுந்து முதலிலிருந்து சொன்னேன். ஏட்டு நம்பாமல் முற்றத்துக்குப் போனார். அங்கே நின்ற எல்க்கை மேலும் கீழும் பார்த்தார். அரிசி மூட்டை மாதிரி ஆள், அதற்கு முன்னால் சின்னப் பையனாகத் தெரிந்தார்.

"இது மாடா?"

"மான் சார்" என்றார் என் கணவர்.

"ராணிக் கலர்லயா?"

"நீலமும் மஞ்சளும் தீந்துபோச்சு சார்."

"நம்ம நாட்டுல மானைத் தொட்டா உள்ள தூக்கி வச்சுருவாக, தெரியும்ல?"

"அங்கன சீட்டு குடுத்துச் சுடச் சொல்றாக ஏட்டையா. எண்ணிக்கை பாத்துத்தேன் குடுக்காக" என்று அம்மா சாத்தூர் காராச்சேவும் டீயும் கொண்டுவந்து வைத்தாள்.

காராச்சேவு தட்டில் பாதிக்குக் கீழே போனபோது ஏட்டு எங்கள் பக்கம் வந்துவிட்டார். பயிற்சியில் ரைஃபிள் சுட்ட கதையைச் சொன்னார். முதல் நாள் கட்டையைத் தோளில் சரியாக அணைத்துப் பிடிக்காமல் சுட்டதில் தோள் கன்றிப்போய், சட்டைப் பொத்தானைக்கூட அடுத்தவர் மாட்டிவிட வேண்டியிருந்ததாம். அதற்குப் பிறகு துப்பாக்கியை எடுத்தாலே கண் தானாக மூடிக்கொண்டதாம். சுட்டதெல்லாம் பக்கத்து ஆளின் பலகையில் விழுந்து, அவருக்குப் பரிசு கிடைத்ததாம்.

"உங்க தம்பி ஆளு எப்பிடி?" என்று என்னிடம் கேட்டார்.

"இவுக மாதிரிதான் இருப்பான்" என்று என் கணவரைக் காட்டினேன். ஒல்லி. இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்தினால்தான் ஒரு ஆள் நிழல் விழும்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த நிமிஷமே பேப்பர் ரீல் சுற்றிவருகிற தடித்த அட்டைக் குழாய் ஒன்று என் கணவரின் தோளில் ஏறிவிட்டது. துப்பாக்கி பிடிப்பது போல் எல்க்கைப் பார்த்து நின்றார். பின்னால் கட்டிங் மெஷினில் விழுந்த காகிதக் கழிவு குவியலாகக் கிடந்தது.

"இது ஆறரைன்னு வச்சுக்கோங்க" என்று ஏட்டு குழாயின் முனையில் உள்ளங்கையால் தட்டினார். என் கணவர் அசையவில்லை.

"இது முன்னூத்தியெட்டு." கொஞ்சம் ஓங்கித் தள்ளினார். என் கணவர் ஓரடி பின்வாங்கி, "தாங்கலாம்" என்றார்.

"மேக்னம் நான் போடுறேன்" என்று மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டார். ஏட்டு வேண்டாம் என்று சொல்வதற்குள் ஓடிவந்து முட்டினார்.

குழாய் ஒரு பக்கம், மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம், என் கணவர் கழிவுக் குவியலுக்குள். காலண்டர் ஓரத் துண்டுகள் காற்றில் பறந்து எங்கள் மேல் பூமாரி பொழிந்தன. குவியலுக்குள்ளிருந்து முதலில் ஒரு கை வந்தது. பிறகு குரல் வந்தது.

"ஆறரை போதும்னு மாப்ளைட்ட சொல்லீருங்க."

அம்மா அவருக்குத் தைலம் தேய்த்தாள். ஏட்டு கிளம்பும்போது, "முன்னூத்தியெட்டு வாங்கச் சொல்லுங்க. நடுவால இருக்கட்டும்" என்றார். பைக்கை ஸ்டார்ட் பண்ணிவிட்டு அணைத்துவிட்டு மறுபடியும் வந்து, "சத்தமாப் பேசாதீக" என்று மாமாவிடம் கேட்டுக்கொண்டு போனார்.

நானும் முந்நூற்றெட்டு என்ற முடிவுக்குத்தான் வந்திருந்தேன். ஆறரையில் அடித்துவிடலாம்தான். ஆனால் ஒரே அடி என்று அம்மா சொன்னது மனசில் கிடந்தது. முந்நூற்றெட்டில் இருநூறு கிரெயினை ஏற்றினால் மாமாவின் கனத்த உருண்டை மாதிரி வேகம் குறையும். நூற்றைம்பது லேசு. நூற்று அறுபத்தைந்து நடுவாந்தரம். உடம்புக்குள் போய்ச் சிதறாமல் ஒட்டி நிற்கிற கெட்டிக் குண்டாக வாங்க வேண்டும். கிட்டே போய்ச் சுட வேண்டும். தூரத்தில் நின்றால் சும்மா பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். இதையெல்லாம் தம்பிக்கு எழுதி அனுப்பினேன். வீட்டில் எல்லாரும் சரி என்றார்கள். மாமாவும் தலையாட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி போனில் வந்தான். வலது புருவத்துக்கு மேல் ஒரு பெரிய பிளாஸ்திரி.

"ஏலே, யாரு அடிச்சது?" என்று அம்மா அலறினாள்.

"துப்பாக்கிதாம்மா."

நான் எழுதியது போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே மாமா அவனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறார். மேக்னந்தேன், இருநூறுதேன், பொம்பளைக பேச்சைக் கேக்காதீக என்று. தம்பியும் மேனேஜரின் மேக்னத்தை இரவல் வாங்கிக்கொண்டு சுடுகிற மைதானத்துக்குப் போயிருக்கிறான். குறிபார்க்கிற கண்ணாடிக் குழாய்க்குள் கண்ணை நுழைக்காத குறையாக ஒட்டிக்கொண்டு விசையை அழுத்தியிருக்கிறான். துப்பாக்கி உதைத்த உதையில் அந்தக் குழாயின் விளிம்பு புருவத்தில் அரைவட்டமாக ஒரு கடி கடித்துவிட்டது.

எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். மாமா சட்னியைப் பார்த்தார்.

"கண்ணுக்கு நேரா இரும்புக் கொழாயை எவன் வச்சான்?" என்றார் கடைசியில். "அது டிசைன் கோளாறு. மருந்து மேல தப்பு இல்ல."

தம்பி முந்நூற்றெட்டு வாங்கினான். நூற்று அறுபத்தைந்து கிரெயின். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் மைதானத்துக்குப் போய்விட்டு, ஓட்டை விழுந்த அட்டையைப் போனில் காட்டுவான். முதலில் ஓட்டைகள் ஊர் முழுக்க இருந்தன. பிறகு ஒரு தெருவுக்கு வந்தன. புரட்டாசி வாக்கில் எல்லாம் ஒரே வீட்டுக்குள் வந்துவிட்டன. மாமா கண்ணாடியை ஏற்றிப் பார்த்து, "தேவலை" என்பார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து யாருக்கும் வராது.

இதற்கிடையில் முற்றத்து எல்க்குக்கு ஒரு வாழ்வு வந்தது. அச்சங்குளத்திலிருந்து லேபிள் ஆர்டர் கொடுக்க வந்த ஒரு பட்டாசு முதலாளி, டீ குடிக்கப் பின்பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். "இது என்ன சாமி? இதையே எனக்கு ராக்கெட் பெட்டிக்குப் போட்டுக் குடுங்க. இந்தக் கலர்லயே" என்றார். அந்தத் தீபாவளிக்கு ராணிக் கலர் எல்க் படம் போட்ட ராக்கெட்டை ஊரில் பிள்ளைகள் விட்டார்கள். அது மாடா, குதிரையா, கொம்பு முளைத்த கழுதையா என்று கடைகளில் கேட்டார்களாம்.

தீபாவளி முடிந்து சில நாளில் தம்பி மலைக்குப் போனான். மலையில் போன் எடுக்காது. ஒரு வாரம் ஒரு சேதியும் இல்லை. அம்மா அந்த வாரம் மாரியம்மனுக்கு விளக்குப் போட்டாள். யாருக்காக என்று கேட்டதற்கு, "ரெண்டு பேருக்கும்தேன்" என்றாள். தம்பிக்கும் எனக்குமா, தம்பிக்கும் மானுக்குமா என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. தம்பி குப்புறப் படுத்திருந்தான். முகம் தலையணையில் பாதி அமுங்கியிருந்தது. அம்மாவுக்கு உயிர் போய் வந்தது.

"குண்டு எங்கடா பட்டுச்சு?"

"என்மேல படலம்மா. மான்மேலதான்."

படுத்தபடியே சொன்னான். விடிகிற நேரம். தரையெல்லாம் பனி. மரங்களுக்கு நடுவிலிருந்து அது தனியாக வெளியே வந்ததாம். நம் அச்சகத்திலிருந்து முக்கு டீக்கடை தூரம்தான் இருக்கும் என்றான். அது மூச்சு விட்டால் புகை புகையாக வந்ததாம். தன் நெஞ்சு அடிக்கிற சத்தம் அதற்குக் கேட்டுவிடுமோ என்று பயமாக இருந்ததாம். பையின் மேல் துப்பாக்கியைச் சாய்த்து, கண்ணை மூடாமல் விசையை அழுத்தியிருக்கிறான்.

"கஷ்டப்பட்டுச்சாடா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. ரெண்டு மூணு எட்டு வச்சுச்சு. படுத்துருச்சு. அம்புட்டுதேன்."

பல வருஷம் கழித்து அவன் வாயில் அம்புட்டுதேன் வந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது தனக்கு அழுகை வந்துவிட்டதாகவும், மேனேஜர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதாகவும் சொன்னான். மாமா மூக்கை உறிஞ்சினார். ஜலதோஷம் என்றார்.

"சரி, எதுக்கு மாப்ள குப்புறக் கெடக்கீக?" என்றார் என் கணவர்.

அங்கேதான் விஷயம். மானை அங்கேயே துண்டு போட்டு, வண்டி நிற்கிற இடம் வரைக்கும் முதுகில் சுமந்து இறக்க வேண்டுமாம். ஒரு பின்னந்தொடை மட்டுமே நம் சிமெண்டு மூட்டை கனம் இருக்குமாம். மலைச்சரிவில், பனியில், வழுக்கி வழுக்கி, ஒரு பகல் முழுக்கப் போய்ப் போய் வந்திருக்கிறார்கள். முந்தின நாள் ராத்திரி ஊர் திரும்பியவன் அப்படியே கவிழ்ந்தவன்தான். கழிப்பறைக்குத் தவழ்ந்து போகிறானாம்.

"ஏன்க்கா" என்று தலையணைக்குள்ளிருந்து முனகினான். "குண்டு என்ன கனம் இருக்கணும்னு ஆடியிலேர்ந்து பேசுனோமே. மான் என்ன கனம் இருக்கும்னு உங்கள்ல ஒருத்தராவது கேட்டீகளா?"

ஒருவரும் கேட்கவில்லைதான். என் கணவர் சிரித்த சிரிப்பில் அவருடைய பழைய தோள்வலி திரும்ப வந்துவிட்டது.

அவன் முதுகு நிமிர்ந்த பிறகு, பங்குக் கறியைச் சமைத்து மேனேஜருக்கும் கூட்டாளிகளுக்கும் விருந்து வைக்கப் போவதாகச் சொன்னான். அம்மா போனைக் கையில் பிடுங்கிக்கொண்டாள். சின்ன வெங்காயம் உரிக்கிறதிலிருந்து ஆரம்பித்து, நல்லெண்ணெயில் வதக்குகிற வரைக்கும் சுக்கா பண்ணுவதை அவனுக்குப் படிப்படியாகச் சொன்னாள். அவன் அடுப்பில் வைத்துக்கொண்டே காட்டினான். மிளகாய்த்தூளை அவன் கரண்டியால் எடுத்தபோது, "அது என்ன மருதாணி வைக்கிறவ மாதிரி? அள்ளிப் போடுலே" என்று அதட்டினாள். விருந்தில் மேனேஜருக்கு மூக்கும் கண்ணும் ஒழுகி, ஒரு சொம்புப் பாலை எடுத்து மடமடவென்று குடித்தாராம். குடித்துவிட்டு மறுபடியும் தட்டை நீட்டினாராம்.

மறுநாள் மிச்சச் சுக்காவைப் பரோட்டாவோடு வைத்துக்கொண்டு எங்களோடு போனில் உட்கார்ந்தான். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு வெகு அருகில் வந்துவிட்டார். ஆட்டுக்கறி மாதிரி இருக்குமா, பழைய நாளில் ஊரில் சொல்லக் கேட்ட கடமான் கறி மாதிரி இருக்குமா என்று அவருக்கு மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை. தம்பி ஒரு பெரிய துண்டை வாயில் போட்டான்.

"எப்பிடி இருக்கு? சொல்லுங்க மாப்ள."

தம்பி மென்றான். தலையை ஆட்டினான். கறி லேசில் மசிகிற வழியாக இல்லை; இன்னும் மென்றான். தாடையை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னான்.

மாமாவின் தாடையும் கூடவே அசைந்துகொண்டிருந்தது.